அம்மாவுக்குப் புற்றுநோய்: மரபணுப் பரிசோதனை முதலில் யாருக்கு?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் உதவும். திருமங்கலம் பக்கம் ஒரு ஊர். அம்மாவுக்கு 41 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்து குணமானது. இப்போது 54 வயதில் சினைப்பைப் புற்றுநோய். மதுரையில் கீமோ நடக்கிறது. அம்மாவின் தங்கை 47 வயதில் "வயித்துல தண்ணி கோத்து" இறந்துபோனார். கேட்பவருக்கு 31 வயது, 5 வயதில் ஒரு பெண் குழந்தை. தம்பிக்குத் தாய்மாமன் மகளைப் பேசி முடித்திருக்கிறார்கள். எச்சில் எடுத்து அனுப்பினால் போதும் என்று விளம்பரம் செய்கிற டெஸ்டை நான் எடுத்துப் பார்க்கட்டுமா, எனக்கும் வருமா, குழந்தைக்கும் பார்க்க வேண்டுமா, "தெரிஞ்சு என்ன பண்ணப்போறே, கல்யாணத்தைக் கெடுத்துடாதே" என்று மாமா சொல்வது சரியா? இவ்வளவும் கேட்டிருக்கிறீர்கள்.

மதுரையில் இப்படிப்பட்ட குடும்பங்களுக்கு மரபணு ஆலோசனை சொல்வதுதான் என் வேலை. அதனால் நேரடியாகவே சொல்கிறேன். நீங்கள் இப்போது டெஸ்ட் எடுக்க வேண்டாம். அம்மாவுக்கு எடுங்கள். அதையும் ஒரு ஆலோசகரிடம் உட்கார்ந்து பேசிவிட்டு எடுங்கள். ஏன் என்பதைத்தான் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். பெரும்பாலான புற்றுநோய்கள் பரம்பரையாக வருவதில்லை. 100 பேரில் 5 முதல் 10 பேருக்குத்தான் பெற்றோரிடமிருந்து வந்த மரபணு மாற்றம் காரணம். தாத்தா காலமெல்லாம் பொயிலை போட்டு வாயில் புற்று வந்தது, பெரியம்மாவுக்கு 65 வயதில் கர்ப்பப்பை வாயில் வந்தது என்றால், முதலாவதற்குப் புகையிலையும் இரண்டாவதற்கு எச்பிவி வைரஸும்தான் காரணமாக இருக்கும். அதை வைத்து "எங்க ரத்தத்திலேயே இருக்கு" என்று பயந்து வருகிறவர்களிடம், டெஸ்டே வேண்டாம் என்று சொல்லி அனுப்புவதும் எங்கள் வேலைதான்.

உங்கள் குடும்பத்துக் கதை அப்படி இல்லை. 50 வயதுக்கு முன்பே மார்பகப் புற்றுநோய், அதே ஆளுக்கு இரண்டாவதாக ஒரு புற்றுநோய், அதுவும் சினைப்பையில், கூடப் பிறந்தவருக்கு வயிற்றில் நீர். இதில் சினைப்பைப் புற்றுநோய் ஒன்று மட்டும் இருந்தாலே, குடும்பத்தில் வேறு யாருக்கும் எதுவும் இல்லாவிட்டாலும், மரபணுப் பரிசோதனை செய்யச் சொல்வோம். ஆணுக்கு மார்பகப் புற்றுநோய், கணையப் புற்றுநோய், 50-க்குள் பெருங்குடல் புற்றுநோய், டிரிபிள் நெகட்டிவ் என்று ரிப்போர்ட்டில் எழுதிய மார்பகப் புற்றுநோய் ஆகியவையும் இந்தப் பட்டியலில் வரும்.

நாங்கள் சந்தேகப்படுவது பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற இரண்டு மரபணுக்களை. 1990-ல் மேரி கிளேர் கிங் என்ற அமெரிக்க மரபியல் அறிஞர், முதலாவது மரபணு 17-வது குரோமோசோமில் இருப்பதைக் காட்டினார். 1994-ல் அந்த மரபணுவையே பிரித்தெடுத்தார்கள், அடுத்த ஆண்டு 13-வது குரோமோசோமில் இரண்டாவது கிடைத்தது. செல்லில் டிஎன்ஏ அறுந்துபோனால் சரிசெய்வதுதான் இவற்றின் வேலை. எல்லோருக்கும் ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதிகள் உண்டு, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஒரு கிணற்றில் இரண்டு மோட்டார் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணமாக இரண்டும் பழுதானால்தான் தண்ணீர் நிற்கும். பிறக்கும்போதே ஒரு மோட்டார் ஓடாத நிலையில் இருப்பவர்களுக்கு, வாழ்நாளில் எப்போதாவது அந்த இன்னொன்று நின்றால் போதும். அதனால்தான் நோய் சின்ன வயதில் வருகிறது, ஒரே ஆளுக்கு இரண்டு இடத்தில் வருகிறது.

உடம்பில் இருப்பது நோய் வரும் வாய்ப்புதான், நோய் இல்லை. 2017-ல் ஏறத்தாழ பத்தாயிரம் பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து வெளியிட்ட ஆய்வின்படி, 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு பிஆர்சிஏ1 மாற்றம் உள்ளவர்களுக்கு 72 சதவீதம், பிஆர்சிஏ2-க்கு 69 சதவீதம். சினைப்பைப் புற்றுநோய்க்கு முறையே 44, 17 சதவீதம். அந்தப் பெண்கள் பெரும்பாலும் மேலை நாட்டுக்காரர்கள் என்பதையும் மனதில் வையுங்கள். இந்த மாற்றம் இருந்தும் கடைசிவரை ஒன்றும் வராத பெண்கள் உண்டு, என்னிடம் வந்த குடும்பங்களிலும் பார்த்திருக்கிறேன்.

சரி, ஏன் முதலில் அம்மா? நீங்கள் டெஸ்ட் எடுத்து "எதுவும் இல்லை" என்று வந்தால் அதற்கு இரண்டு அர்த்தம் இருக்க முடியும். அம்மாவிடம் இருந்த மாற்றம் உங்களுக்கு வரவில்லை என்பது ஒன்று. அம்மாவின் நோய்க்குக் காரணமான மாற்றம் அந்த டெஸ்ட் தேடாத இடத்தில் இருக்கிறது, அது உங்களிடமும் இருக்கலாம் என்பது இன்னொன்று. இந்த இரண்டில் எது என்று அம்மாவின் ரிப்போர்ட் இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது. நீங்கள் நிம்மதியாகப் போய்விடுவீர்கள், அதுதான் ஆபத்து. அம்மாவிடம் மாற்றம் இன்னதென்று கண்டுபிடித்துவிட்டால், அப்புறம் உங்களுக்கு அந்த ஒரே இடத்தைப் பார்த்தால் போதும். பல மரபணுக்களை ஒன்றாகத் தேடும் பேனல் டெஸ்டுக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும். தெரிந்த ஒரு மாற்றத்தைத் தேடுவதற்கு அதில் சிறு பங்குதான். அதில் "இல்லை" என்று வந்தால் உண்மையிலேயே இல்லை. உங்கள் ஆபத்து ஊரில் மற்ற பெண்களுக்கு உள்ள அளவுதான், உங்கள் மகளுக்கும் அது உங்கள் வழியாகப் போகாது.

விளம்பரத்தில் வரும் எச்சில் டெஸ்டுகள் சில, பிஆர்சிஏ மரபணுக்களில் சில குறிப்பிட்ட இடங்களை மட்டும் பார்க்கின்றன. வெளிநாட்டில் பிரபலமான ஒன்று, ஐரோப்பிய யூதர்களிடம் அதிகமாகக் காணப்படும் மூன்றே மூன்று மாற்றங்களைத் தேடித்தான் ஆரம்பித்தது. திருமங்கலத்துக் குடும்பத்துக்கு அது எந்தப் பதிலும் சொல்லாது. எச்சிலில் குறை ஒன்றும் இல்லை, நல்ல லேபுகளும் எச்சில் வாங்குகின்றன. மரபணு முழுவதையும் வரிக்கு வரி வாசிக்கிறார்களா, பெரிய துண்டாக விடுபட்டுப்போன மாற்றங்களையும் பார்க்கிறார்களா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

அம்மாவுக்கு எடுக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம் அம்மாவேதான். முற்றிய சினைப்பைப் புற்றுநோயில் பிஆர்சிஏ மாற்றம் இருந்தால், கீமோ நன்றாகக் கேட்ட பிறகு ஓலாபரிப் என்ற மாத்திரையைத் தொடர்ந்து கொடுக்கலாம். 2018-ல் வெளிவந்த ஆய்வில், இப்படிப்பட்ட பெண்களுக்கு நோய் மறுபடி தலையெடுக்கும் அல்லது உயிர்போகும் ஆபத்தை அது 70 சதவீதம் குறைத்தது. ஏழு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது மாத்திரை எடுத்தவர்களில் 67 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், எடுக்காதவர்களில் 46.5 சதவீதம். விலை அதிகம்தான். ஆனால் டெஸ்ட் எடுத்தால்தான் அந்தப் பேச்சையே டாக்டரிடம் தொடங்க முடியும். "எனக்கு எதுக்குடா இனிமே, பிள்ளைகளுக்குப் பாருங்க" என்று சொல்லும் அம்மாக்கள் நிறைய. அவர்களுக்கு இதை முதலில் சொல்லுங்கள்.

ரிப்போர்ட் மூன்று மாதிரி வரலாம். நோய்க்குக் காரணமான மாற்றம் இருக்கிறது, இல்லை, அல்லது ஒரு மாற்றம் இருக்கிறது, ஆனால் அது கெடுதலா இல்லையா என்று தெரியவில்லை. இந்த மூன்றாவதை வியுஎஸ் என்று சொல்வார்கள். பொருள் உறுதியாகாத மாற்றம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நம்மவர்களுக்கு இது கொஞ்சம் அதிகமாகவே வருகிறது, காரணம் உலகத் தரவுகளில் இந்தியர்களின் மரபணுக்கள் குறைவாகவே சேர்ந்திருக்கின்றன. பின்னாளில் இவற்றில் பெரும்பாலானவை தீங்கில்லாதவை என்றே முடிவாகும். தயவுசெய்து இதை மட்டும் வைத்து யாரும் மார்பையோ சினைப்பையையோ எடுத்துக்கொள்ளாதீர்கள், உறவினர்களுக்கும் இதைத் தேடி டெஸ்ட் எடுக்காதீர்கள். ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை லேபில் மறுபடி கேட்டால் போதும்.

ஆலோசனைக்கு வரும்போது முதல் முக்கால் மணி நேரம் ரத்தமே எடுக்க மாட்டோம். மூன்று தலைமுறைக்கு வம்ச வரைபடம் போடுவோம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் வந்தவர்களுக்கு உள்ளே கறுப்பு. இதில்தான் நம் ஊர்ப் பக்கம் சிக்கல் வருகிறது. பங்காளிகளை ஏழு தலைமுறைக்குச் சொல்வார்கள், சிவராத்திரிக்குக் குலதெய்வம் கோயிலில் எல்லோரையும் பார்க்கிறார்கள். கட்டிக்கொடுத்து வேறு கோயிலுக்குப் போன பெண்களைக் கேட்டால் "அவங்க அந்தப் பக்கம் போயிட்டாங்க, எப்படி செத்தாங்கன்னு தெரியல" என்பார்கள். நாங்கள் தேடுவதோ அந்தப் பெண்களைத்தான்.

பெயரும் சொல்ல மாட்டார்கள். "கட்டி", "அந்த நோய்", "வயித்துல தண்ணி". உங்கள் சித்தி கதையில் என் கவனம் நின்றது அங்கேதான். வயிற்றில் நீர் கோப்பது சினைப்பைப் புற்றுநோய் முற்றியதன் அடையாளமாக இருக்கலாம். ஈரல் கெட்டாலும் கோக்கும், காசநோயிலும் கோக்கும். ஆகவே சித்தப்பா வீட்டு பீரோவில் பழைய டிஸ்சார்ஜ் சீட்டு இருக்கிறதா, நீரை எடுத்து என்ன டெஸ்ட் பண்ணினார்கள், எந்த ஆஸ்பத்திரி என்று கேளுங்கள். பயாப்சி ரிப்போர்ட் ஒரு பக்கம் கிடைத்தால் போதும். அம்மாச்சியிடம் இன்னொன்றும் கேளுங்கள்: அவர்களுக்கோ அவர்கள் கூடப் பிறந்தவர்களுக்கோ சின்ன வயதிலேயே "கர்ப்பப்பையை எடுத்துட்டாங்களா?" இங்கே 35, 40 வயதில் பல பெண்களுக்கு எடுத்துவிடுகிறார்கள். கூடவே சினைப்பையும் போயிருந்தால், வரவேண்டிய நோய் வராமலேயே போய், மாற்றம் கண்ணுக்குத் தெரியாமல் அடுத்த தலைமுறைக்குப் போயிருக்கும்.

அப்பா வழியையும் விடாதீர்கள். மார்பகப் புற்றுநோய் என்றதும் எல்லோரும் அம்மா வழியைத்தான் பார்க்கிறார்கள். பெற்றோரில் ஒருவரிடம் இந்த மாற்றம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு, ஆண் வழியாகவும் அப்படியேதான் போகும்.

இனி கல்யாணம். மாமாவின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தக் கல்யாணத்துக்காகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பேன். தமிழ்நாட்டில் நாலில் ஒரு கல்யாணத்துக்கு மேல் சொந்தத்துக்குள் நடக்கிறது, முறைப்பெண்ணைக் கட்டுவது நம் பக்கம் பெருமையும்கூட. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. கணக்கை மட்டும் போட்டுக் காட்டுகிறேன். அம்மாவிடம் மாற்றம் இருந்து, அது அம்மாச்சியிடமிருந்தோ தாத்தாவிடமிருந்தோ வந்தது என்றால், மாமாவுக்கு இருக்கும் வாய்ப்பு பாதி, மாமா மகளுக்குக் கால். உங்கள் தம்பிக்குப் பாதி. மாப்பிள்ளை, பெண் இருவரிடமும் இருக்க வாய்ப்பு எட்டில் ஒன்று. அப்படி இருவரிடமும் இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பக்கமிருந்தும் பழுதான பிரதியே வர நாலில் ஒரு வாய்ப்பு. மொத்தத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் 32-ல் ஒன்று.

இரண்டு பிரதியும் பழுதான பிஆர்சிஏ2-வோடு பிறக்கும் குழந்தைக்கு ஃபேன்கோனி ரத்தசோகை என்ற கடுமையான நோய் வரும். எலும்பு மஜ்ஜை சுருங்கும், சின்ன வயதிலேயே ரத்தப் புற்றுநோயும் மூளைக் கட்டியும் வரக்கூடும். பிஆர்சிஏ1-ல் இப்படி ஆனால் பெரும்பாலும் கரு நிலைப்பதே இல்லை. 32-ல் ஒன்று என்பது கல்யாணத்தை நிறுத்தும் எண் இல்லை, பார்க்காமல் விடும் எண்ணும் இல்லை. அம்மாவின் ரிப்போர்ட் வந்ததும் தம்பிக்கு அந்த ஒரு மாற்றத்தைப் பாருங்கள். அவனுக்கு இல்லை என்றால் இந்தப் பயம் அங்கேயே முடிந்தது, பெண்ணுக்கு டெஸ்டே இந்தக் காரணத்துக்காகத் தேவையில்லை. அவனுக்கு இருந்தால் மாமா மகளுக்குப் பார்க்கலாம், அதுவும் அந்தப் பெண் தானாகச் சம்மதித்தால். இருவருக்கும் இருந்தாலும்கூட, ஐவிஎஃப் முறையில் கருவை முன்பே பரிசோதித்து வைக்கும் வழி இருக்கிறது. எந்த முடிவும் அவர்கள் இருவருடையது.

தம்பிக்கு இருந்தால் அவன் உடம்புக்கும் கொஞ்சம் கவனம் வேண்டும். பிஆர்சிஏ2 உள்ள ஆண்களுக்கு 40 வயதிலிருந்து புராஸ்டேட்டுக்கான பிஎஸ்ஏ ரத்த டெஸ்ட் செய்வது நல்லது, மார்பில் கட்டி தெரிந்தால் "ஆம்பளைக்கு என்ன" என்று விடக்கூடாது.

உங்கள் மகளுக்கு இப்போது எதுவும் பார்க்க வேண்டாம். பிஆர்சிஏ நோய்கள் குழந்தைப் பருவத்தில் வருவதில்லை, இப்போது தெரிந்து செய்ய ஒன்றும் இல்லை. 18 வயது ஆன பிறகு அவளே முடிவு செய்யட்டும். எல்லாப் பரம்பரைப் புற்றுநோய்க்கும் இதே பதில் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கண்மணியில் வெள்ளையாக மின்னும் குழந்தைகளைத் தூக்கி வருகிறார்களே, ரெட்டினோபிளாஸ்டோமா, அது பெரும்பாலும் 5 வயதுக்குள் வருகிற கண் புற்றுநோய். நாற்பது சதவீதம் குழந்தைகளுக்கு அது ஆர்பி1 என்ற மரபணுவில் பிறவியிலேயே உள்ள மாற்றத்தால் வருகிறது. மேலே சொன்ன இரண்டு பிரதிக் கணக்கை 1971-ல் ஆல்ஃபிரட் நுட்சன் முதலில் ஊகித்ததே இந்தக் குழந்தைகளை வைத்துத்தான். அந்தக் குடும்பத்தில் அடுத்த குழந்தை பிறந்தால் உடனே பார்க்க வேண்டும், ஒரு மாதம் தள்ளினாலும் பார்வை போகலாம். குடலில் நூற்றுக்கணக்கில் பாலிப் (சிறு சதை வளர்ச்சி) வரும் குடும்பங்களிலும் பத்து வயதையொட்டிப் பார்ப்பார்கள்.

"தெரிஞ்சு என்ன பண்ணப்போறே?" என்ற கேள்விக்கு வருவோம். உங்களுக்கு மாற்றம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். 31 வயதில் வருடத்துக்கு ஒருமுறை மார்பக எம்ஆர்ஐ, கூட மேமோகிராம். கட்டி கடுகளவில் இருக்கும்போதே பிடிக்கலாம். சினைப்பைக்கு அப்படி நம்பகமான ஸ்கேன் இல்லை. சிஏ125 ரத்த டெஸ்டும் ஸ்கேனும் வருடாவருடம் எடுத்தும் சாவைக் குறைக்கவில்லை என்று இங்கிலாந்தில் இரண்டு லட்சம் பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வு 2021-ல் சொல்லிவிட்டது. அதனால்தான் பிள்ளை பெற்று முடித்தவர்களுக்கு, பிஆர்சிஏ1 என்றால் 35 முதல் 40 வயதுக்குள்ளும், பிஆர்சிஏ2 என்றால் 40 முதல் 45-க்குள்ளும் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் எடுத்துவிடச் சொல்கிறோம். சினைப்பைப் புற்றுநோய் ஆபத்து 80 சதவீதமாவது குறையும். குழாயை விட்டுவிடக் கூடாது, இந்தப் புற்று பல நேரம் குழாயின் நுனியில்தான் ஆரம்பிக்கிறது. கர்ப்பப்பையை எடுத்துவிட்டுச் சினைப்பையை விட்டுவைத்தால் இந்த நோய்க்குப் பாதுகாப்பே கிடையாது. இதை இங்கே பலரும் மாற்றிப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு தீட்டு உடனே நின்றுவிடும், உடம்புச் சூடு, தூக்கமின்மை, எலும்புத் தேய்மானம் இவற்றுக்கு முன்கூட்டியே திட்டம் வேண்டும். மார்பகப் புற்றுநோய் வராதவர்களுக்குச் சில காலம் ஹார்மோன் கொடுக்கலாம். மார்பகங்களை முன்கூட்டியே எடுப்பது அந்தப் புற்றுநோயை 90 சதவீதத்துக்கு மேல் குறைக்கும். ஆனால் எம்ஆர்ஐ போதும் என்று இருப்பதும் நல்ல முடிவுதான். ஆலோசகர் "எடுத்துடுங்க" என்று சொல்லக்கூடாது, நீங்கள் எதைத் தாங்குவீர்கள் என்று கேட்க வேண்டும். தெரிந்துகொள்ளவே வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுத்தால் அதுவும் உங்கள் உரிமை.

அம்மாவிடம் மாற்றம் இல்லை என்று வந்தால்? ஆபத்து பறந்துபோய்விடாது, இன்னும் கண்டுபிடிக்காத காரணம் இருக்கலாம். வழக்கத்தைவிடச் சீக்கிரமாக மார்பகப் பரிசோதனையைத் தொடங்கச் சொல்வோம்.

ரிப்போர்ட்டை யாரிடம் சொல்வது என்பதும் அம்மாவும் நீங்களும் முடிவு செய்வது. நாங்கள் மாமாவுக்கு போன் பண்ணிச் சொல்ல மாட்டோம். "எங்கள் குடும்பத்தில் இன்ன மாற்றம் இருக்கிறது, நீங்கள் விரும்பினால் பார்த்துக்கொள்ளலாம்" என்று உறவினர்களுக்குக் கொடுக்க ஒரு பக்கக் கடிதம் எழுதித் தருவோம், கொடுப்பது உங்கள் விருப்பம். பெண் பிள்ளைகளுக்கு வரன் தட்டிப்போகும் என்ற பயத்தில் அதைக் கொடுக்காமல் வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்திருந்தால் 38 வயதில் ஒருத்தி ஸ்கேனுக்குப் போயிருப்பாளே என்று நினைத்து மனது கனத்துப்போன நாட்கள் எனக்கு இருக்கின்றன. மருத்துவக் காப்பீடு, ஆயுள் காப்பீடு எடுக்க நினைத்தால் நீங்கள் டெஸ்டுக்கு முன்பே எடுத்துவிடுங்கள். மரபணுவைக் காரணம் காட்டிப் பாரபட்சம் செய்வதைத் தடுக்க நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. படிவத்தில் அம்மாவின் நோயைக் கேட்டால் மறைக்காதீர்கள்.

எங்கே போவது? சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலும் வேலூர் சிஎம்சியிலும் இதற்கான ஆலோசனை உண்டு. அடையாறு மருத்துவமனையை 1954-ல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியே, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். மதுரையில் உங்கள் அம்மாவைப் பார்க்கும் புற்றுநோய் டாக்டரே ரத்தம் எடுத்து வெளியூர் லேபுக்கு அனுப்ப முடியும், ஆலோசகரிடம் வீடியோவில் பேசலாம். அலைய வேண்டியதில்லை. ரிப்போர்ட் வர மூன்று, நான்கு வாரம் ஆகும், கல்யாணத் தேதியை அதற்கேற்பப் பாருங்கள். கீமோ நடக்கும்போதே ரத்தம் எடுக்கலாம். சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தால் மட்டும் அதைச் சொல்லிவிடுங்கள், லேபுக்குத் தெரிய வேண்டும். அடுத்த கீமோவுக்குப் போகிற அன்று 41 வயது மார்பகப் பயாப்சி ரிப்போர்ட்டையும் இப்போதைய ரிப்போர்ட்டையும் ஒரே உறையில் போட்டு எடுத்துப்போய், "அம்மாவுக்கு ஜெர்ம்லைன் பிஆர்சிஏ டெஸ்ட் பார்க்கணும் டாக்டர்" என்று இதே வார்த்தையில் கேளுங்கள். ஜெர்ம்லைன் என்றால் பிறவியிலேயே உடம்பில் உள்ள மாற்றம். கட்டியில் மட்டும் பார்க்கும் டெஸ்டும் ஒன்று இருக்கிறது. உங்களுக்கும் தம்பிக்கும் பதில் வேண்டுமென்றால் ரத்தத்தில் பார்ப்பதைத்தான் கேட்க வேண்டும்.